காற்றுக்குத் தண்ணீர் வார்த்த மாமா

அந்தக் குளிர்காலத்தில் என் தலையணை உறை காலைதோறும் சிவந்திருந்தது. கிரான்பர்ன் என்ற புறநகரில் எங்கள் வீட்டுத் தரையில் பதித்த கம்பிவலைகள் வழியே ஹீட்டர் சூட்டுக் காற்றை ஊதும். அந்தக் காற்றில் ஈரத்துவாய் அப்பளமாகும், உதடு வெடிக்கும், என் மூக்கிலிருந்து இரத்தம் வரும். காற்று வறண்டுவிட்டது, வேறொன்றுமில்லை என்றார் டொக்டர். அந்த 'வேறொன்றுமில்லை'யை அம்மா நம்பவில்லை. உறையை அலசும்போதெல்லாம் மாதாவைக் கூப்பிடுவாள். எட்டு வயதுக்காரியான எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

செய்தி ரொறன்ரோவிலிருந்த பெரியம்மாவுக்குப் போனது. அங்கே ஹீட்டரோடு ஒரு பெட்டியைப் பூட்டுவார்களாம், வீடு முழுவதும் ஈரக் காற்று வருமாம். அடுத்த மாதமே அங்கிருந்து வந்த ஒருவரின் பயணப் பெட்டிக்குள், இரண்டு சேலைகளுக்கு நடுவே சுற்றப்பட்டு, அந்தச் சாமான் வந்து இறங்கியது.

"இதை ஆர் பூட்டுறது?" என்றார் அப்பா. அம்மா தன் தம்பியைப் பார்த்தாள்.

மாமா புது வீடுகளுக்கு ஹீட்டர் குழாய் இழுக்கும் வேலையில் இருந்தார். இப்படியொரு பெட்டியை அவரும் கண்டதில்லை. சனிக்கிழமை காலை, உடுப்புத் தோய்க்கும் லாண்ட்றி அறையின் அலமாரிக்குள் நின்ற ஹீட்டரின் முன் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். கனடாக் கரண்ட் வேறு, எங்கள் கரண்ட் வேறு. அதற்கென்று ஒரு சின்ன ட்ரான்ஸ்போமர் வாங்கி வந்திருந்தார். ஹீட்டரின் தகரக் கூட்டில் பென்சிலால் சதுரம் கீறி, கத்தரியை வைத்து, சேலைக்கரை வெட்டுகிற பக்குவத்தில் வெட்டினார்.

"மச்சான், ஹீட்டரைக் கொல்லுறீர்," என்றார் அப்பா.

"பொறுங்கோ அத்தான், அதுக்கு மூச்சுவிடப் பழக்கிறன்."

பெட்டிக்குள் மேலே ஒரு தட்டு. அதிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தேன்கூடு போன்றதொரு வலையில் இறங்கும். சூட்டுக் காற்று அந்த வலைக்குள் புகுந்து, நனைந்து, வீட்டுக்குள் வரும். மிச்சத் தண்ணீர் அடியிலிருந்த குழாயால் வெளியேறும். மாமா சுவிட்சைப் போட்டதும் கம்பிவலையருகே முகத்தை வைத்துப் படுத்தேன். மழைக்கு முந்திய காற்று! ஒரு மனிதர் வீட்டுக்குள் வானிலையை மாற்றுகிறார் என்றால் அவரை எங்கே வைப்பது?

மூன்று காலைகள் உறை வெள்ளையாக இருந்தது. நான்காம் நாள் ஒரு துளி.

அந்தத் துளியோடு அம்மா லாண்ட்றிக்குப் போனதை நான் கண்டேன். எங்களைப் போன்ற மன்னார்க்காரர் வீடுகளில் மடுமாதா கோயில் மண் ஒரு போத்தலில் இருக்கும்; காய்ச்சலுக்கும் பாம்புக்கடிக்கும் கரைத்துக் குடிப்பார்கள். அம்மா பெட்டியின் மூடியைத் திறந்து, அந்தப் போத்தலிலிருந்து ஒரு கைப்பிடிச் செம்மண்ணைத் தட்டில் போட்டு, சிலுவை அடையாளம் வரைந்தாள்.

"அப்பாட்டச் சொல்லாதை."

நான் அப்போது கோயிலில் முதல் நன்மை வாங்குவதற்கு மறைக்கல்வி படித்துக்கொண்டிருந்தேன். சொல்லாமலிருப்பது பொய்யில்லை என்று தீர்ப்பெழுதி வைத்துக்கொண்டேன்.

மண் போட்ட இரண்டாம் நாள் மத்தியானம் ஹீட்டர் நின்றது. லாண்ட்றி முழுக்க வெள்ளம். அப்பா கூப்பிட மாமா ஓடிவந்தார்.

"என்ன மச்சான், வீட்டுக்குள்ள குளம் வெட்டித் தந்திருக்கிறீர்?"

மாமா மூடியைக் கழற்றினார். அடிக்குழாயின் வாயில் செஞ்சேறு அடைத்திருந்தது. ஒரு விரலால் தொட்டு, பெருவிரலோடு தேய்த்துப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்தாள்.

"பிழை என்ரதான் அத்தான். குழாய்க்கு நான் விட்ட சரிவு காணாது."

"உம்மையெல்லாம் வேலைக்கு வச்சிருக்கிறாங்களே!"

மாமா சிரித்தார். சேற்றை ஒரு கோப்பைக்குள் வழித்தெடுத்தார். அதைக் கைகழுவும் தொட்டிக்குள் ஊற்றாமல், வெளியே போய் எலுமிச்சை மரத்தின் அடியில் ஊற்றிவிட்டு வந்தார். பிறகு வெட்டி மிஞ்சிய தகரத்தை மடித்து, பெட்டியின் பக்கவாட்டில் சின்னத் தட்டொன்று பூட்டினார்.

"இது என்னத்துக்கு?" என்றார் அப்பா.

"இது இல்லாட்டி வேலை செய்யாது அத்தான்."

அப்பா அந்தப் பக்கம் போனதும் மாமா அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: "அக்கா, போத்தலை மூடினபடி இதில வையுங்கோ. காத்து பக்கத்தாலதானே போகுது."

வசந்தம் வரும்வரை அதன்பின் என் உறையில் ஒரு துளியும் விழவில்லை. மாதாவின் புதுமை என்றாள் அம்மா. ரொறன்ரோக்காரரின் மூளை என்றார் அப்பா. மாமா இருவருக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

ஆனால் அந்த வெள்ளத்து நாளில், முதல் பாவசங்கீர்த்தனத்துக்காக நான் பாவங்களை எழுதிப் பழகிய கொப்பியின் பின்பக்கத்தில், மாமாவின் பெயரின் கீழ் இரண்டு கோடுகள் போட்டேன். குழாய்ச் சரிவைப் பற்றி ஒரு பொய், பக்கவாட்டுத் தட்டைப் பற்றி ஒரு பொய். அன்று சாப்பாட்டுக்கு ஸ்னாப்பர் மீன் குழம்பு. மீன்தலை எப்போதும் அப்பாவுக்குத்தான். அம்மா அப்பாவைத் தாண்டிப் போய் அதை மாமாவின் சோற்றின் மேல் வைத்தாள். இரண்டு பொய் சொன்னவருக்கு மீன்தலையா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.