கோஷம் போட்ட வாய்

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிற நேரம். பிறக்கப்போகும் நாட்டில் கடவுளை நம்பாத எங்களுக்கும் உரிமை வேண்டுமென்று ஊர்வலம் போனோம். காஜா பெராங் பகுதியில் புறப்பட்டு, கறுப்புச் சட்டையோடு மலாக்கா திடலை நோக்கி நடந்தோம். முன்னால் போனவன் என் நண்பன் முத்து.

"ஐயர் வேண்டாம் கல்யாணத்துக்கு! சடங்கு வேண்டாம் சாவுக்கு!"

அவன் கத்தக் கத்த நாங்களும் கத்தினோம். திடலை நெருங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், பிறகு எழுந்திருக்கவே இல்லை.

மறுநாள், அவன் குடும்பத்தோடு தங்கியிருந்த அண்ணன் வீட்டுக் கூடத்தில் அவனை நெற்றி நிறையத் திருநீறோடு கிடத்தியிருந்தார்கள்.

"இதெல்லாம் அவனுக்குப் பிடிக்காதுங்க" என்றேன்.

"கூட்டாளிதானே நீ? நீயும் வாய்க்கரிசி போடு. இல்லாட்டி இவன் பொண்டாட்டியும் புள்ளைங்களும் இந்த வீட்டுல இருக்க வேணாம்" என்றார் அண்ணன்.

ஆத்திரத்தில் வெளியே போகத் திரும்பினேன். எதிரில் அரிசித் தட்டோடு முத்துவின் மனைவி நின்றாள். முந்தின நாள் எங்களோடு கறுப்புச் சேலையில் நடந்து வந்தவள்.

"போட்டுடுங்கண்ணே. எனக்கு வேற போக்கிடம் இல்ல."

போட்டேன். அரிசி உதட்டில் நிற்காமல் சரிந்தது.

"உள்ள தள்ளுப்பா" என்றார் யாரோ. கோஷம் போட்ட அந்த வாய்க்குள் என் விரலாலேயே தள்ளினேன்.

கடவுள் இல்லை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் நாங்கள் சர்க்காரிடம் கேட்டு ஊர்வலம் போன உரிமையை, அண்ணன் வீட்டுக் கூடத்தில் யாரிடம் கேட்பது என்றுதான் இன்னும் தெரியவில்லை.