பீர் மைதீன் பிடித்து வைத்த தோடி

பேட்டை பீர் மைதீனுக்குச் சந்தேகம் வருவதற்குக் காரணம் வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை. திசையன்விளைக் கருப்பட்டியைக் கொழும்புக்கு ஏற்றி அனுப்பும் வியாபாரி. ஓலைச் சிப்பம் ஒவ்வொன்றிலும் நாலு வட்டு உடைத்து, உள்ளே மணல் இருக்கிறதா என்று நக்கிப் பார்த்த பிறகுதான் பேசவே ஆரம்பிப்பார். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட மணல் கிடைத்ததில்லை. ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக மறைக்கிறார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அந்த மனிதர் நம்பிய ஒரே ஆள் தச்சநல்லூர் நாகஸ்வரக்காரர் கொம்பையா. 1910 தர்கா கந்தூரியில் சந்தனக்கூடு ஊர்வலம் தன் வீட்டு வாசலில் நின்றபோது, பீர் மைதீன் கொழும்பிலிருந்து வரவழைத்த போனோகிராப்பின் புனலைக் கொம்பையாவுக்கு முன்னால் நீட்டி, சுழலும் மெழுகு உருளையில் அவருடைய தோடியைப் பிடித்துவிட்டார். இரண்டே நிமிஷம். கூட்டத்தில் யாரோ இருமியதுகூட அதில் பதிந்திருந்தது. மறு வருஷம் கொம்பையா வாந்திபேதியில் போய்ச் சேர்ந்தார். எந்தக் கிராமபோன் கம்பெனியும் அவர் வாசிப்பைப் பிளேட்டில் எடுத்ததில்லை. இனி அவரைக் கேட்க வேண்டுமானால் அந்த ஒரு உருளைதான்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பாளையங்கோட்டை மிஷன் பள்ளி வாத்தியார் அப்பாத்துரை வருவார். அவரும் தோடிப் பைத்தியம்தான். சொந்தமாகக் கிராமபோன் வைத்திருந்தார்.

“பிளேட்டு மிஷின் ஒண்ணு வாங்கிப்போடுங்க அண்ணாச்சி. தெருவே கேக்கும்.”

“தெரு எதுக்குவே கேக்கணும்?”

அதனால் பீர் மைதீன் புனலையே கழற்றிவிட்டார். டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்ப்பது மாதிரி ரப்பர் குழாய்கள் இரண்டு ஜோடி. ஆளுக்கு ஒன்றாகக் காதில் செருகிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்கள். மெழுகு தேய்ந்துவிடும், வாரத்துக்கு ஒரு தடவைதான் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

பீர் மைதீனின் மனைவி ஹமீது பீவி கந்தூரியன்று பிரசவத்துக்காகத் தாய்வீட்டில் இருந்தவள். கொம்பையாவை அவள் கேட்டதே இல்லை. ஒரு நாள், “நானும் காதுல வச்சுப் பாக்கட்டுமா?” என்று கேட்டாள். பீர் மைதீன் போனோகிராப் பெட்டியை மூடிவிட்டார். பிறகு அவள் கேட்கவும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வாத்தியார் குழாயைக் கழற்றிவிட்டு, “சத்தம் லேசா அமுங்கினாப்ல இருக்கே” என்றார்.

பீர் மைதீன் உருளையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எவனோ தனக்குத் தெரியாமல் போட்டுக் கேட்கிறான். அன்றே பெட்டிக்குப் பூட்டு வந்தது. சாவி அரைஞாணில் ஏறியது. போதாததற்கு மூடியின் குறுக்கே ஒரு நூலும் ஒட்டினார். நூல் அறவில்லை, ஆனாலும் நிம்மதி இல்லை. நேற்றைவிட இன்றைக்குச் சத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க, தினமும் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை போட்டுக் கேட்டார். தினமும் கொஞ்சம் குறைந்துதான் இருந்தது.

முதலில் வாத்தியார் மாட்டினார். “கள்ளச்சாவி வச்சிருக்கீரோ?” என்று பீர் மைதீன் முகத்துக்கு நேராகக் கேட்டார். அப்பாத்துரை தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை. அடுத்தது ஹமீது பீவி. ஒரு சொட்டுக்கூடக் கேட்காதவளைத் திருடி என்று சொல்ல அவருக்கு எப்படி நாக்கு வந்ததோ, எனக்கு இன்னும் ஆறவில்லை.

“நான் கடைக்குப் போன பொறவு நீ போட்டுக் கேக்கியா?”

“சாவி உங்க இடுப்புலல்லா கெடக்கு. காலம்பற காலம்பற நீங்கதான் போடுதீங்க. அதுலதான் தேயுது.”

“ஒரு தடவை போட்டா தேஞ்சிருமாக்கும்?”

அதிலும் அவருக்குச் சந்தேகம். அவள் சொல்வது பொய் என்று காட்ட அன்று கடைக்கே போகவில்லை. பெட்டி முன்னால் உட்கார்ந்து போட்டார், மறுபடி போட்டார். மிஷினின் சாவியை முறுக்கி முறுக்கிக் கை கன்றிப்போனது. முதலில் இருமல் காணாமல் போனது. பிறகு தோடியின் மேல்ஸ்தாயி போனது. நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்போது காதில் வெறும் இரைச்சல்தான் இருந்தது.

பீர் மைதீனுக்கு இப்போது தன் காதின் மேலேயே சந்தேகம் வந்தது.

“ஹமீது, இங்கன வா” என்று கூப்பிட்டார். அவளை உட்காரவைத்து, தன் கையாலேயே குழாய்களை அவள் காதில் செருகினார்.

அவள் அவரையும் வாத்தியாரையும் போலவே கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் ஆசை இருந்தது. ஊசி கடைசி வரைக்கும் ஓடி நின்றது. அவள் குழாயைக் கழற்றவில்லை.

“மழை பேயுத சத்தந்தான் கேக்கு” என்றாள். “கொம்பையா எப்ப வாசிக்க ஆரம்பிப்பாரு?”