தகரக் கூரையில் கேட்ட கரகரப்பு

கோவில்பட்டியில் குடியிருக்கும் நான், சிற்றலை வானொலி கேட்டு, நிலையத்தையும் நேரத்தையும் தேதி போட்டு நோட்டில் எழுதிவைப்பவன். போன ஆடியில் என் கையடக்க ரேடியோவை எங்கே திருப்பினாலும் கரகரப்பு. பதினான்கு நாள் பைத்தியம் பிடித்தவன்போல் அலைந்தேன். என் வீட்டு மெயினை அணைத்தும் சத்தம் நிற்காததால், பக்கத்து வீட்டு வேலுச்சாமி அண்ணாச்சிமேல் சந்தேகம் விழுந்தது.

“ஃபேன், பல்பு, சார்ஜர் எல்லாம் கழத்தியாச்சு. இனி என்னையும் அணைச்சிருவீரா?” என்று சீறினார்.

மறுநாள் மதியம் ரேடியோவைப் பிடித்தபடி நடந்தேன். அவருடைய தகரக் கொட்டகையை நெருங்க நெருங்க இரைச்சல் ஏறியது. உள்ளே நான்கு பெண்கள் தீப்பெட்டிகளில் குச்சி அடைத்துக்கொண்டிருந்தார்கள். காற்று ஓங்கி வீசியது, ரேடியோ அலறியது. நிமிர்ந்து பார்த்தேன். கூரையோரம் நீலப் பொறி.

ரேடியோ நன்றாக எடுக்க என் மாடியிலிருந்து இழுத்து, அந்தத் தகரத்தில் நான் கட்டியிருந்த ஏரியல் கம்பிதான். காற்றில் ஆடியாடி, கொட்டகைக்குப் போகும் மின்சார வயரின் உறையைத் தேய்த்துவிட்டிருந்தது.

“தகரத்தத் தொடாம வெளிய வாங்கம்மா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். லைன்மேன் வந்து மின்சாரத்தை நிறுத்தும்வரை, குச்சியில் ஒரு பொறி விழுந்துவிடக் கூடாதே என்று தெருவிலேயே நின்றோம்.

“இம்புட்டு நாளும் என் வீட்ட நோண்டினீரே, உம்ம கம்பிய ஒருக்கா பாத்தீரா?” என்றார் அண்ணாச்சி.

நோட்டில் நேரம், அலைவரிசை எல்லாம் இருந்தன. காற்று அடித்ததா என்று ஒருநாளும் எழுதவில்லை. இப்போது அதையும் எழுதுகிறேன். ஏரியலை அவிழ்த்துவிட்டேன். ரேடியோ கரகரத்தால், முதலில் என் வீட்டைத்தான் சுற்றி வருகிறேன்.