ஏரிக்கரையில் ஒரு வெடி

தை மூன்றாம் தேதி, காணும் பொங்கல். காலையில் அறுவடைக்கு விளைந்து நின்ற வயலில் தண்ணீரை வடியவிட்டுவிட்டு வந்து குளித்தேன். மாலையில், சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மனைவியின் தம்பியை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனேன். ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகள் குஞ்சு பொரித்திருந்தன. அந்த மாதங்களில் எங்கள் ஊரில் சாவுக்குக்கூட வெடி போடுவதில்லை.

"எல்லாம் ஒண்ணா பறந்தா வீடியோ அள்ளும், அத்தான்" என்று அவன் பையிலிருந்து வெடியை எடுத்தான்.

"வேணாம்டா, குஞ்செல்லாம் விழுந்துரும்."

"என்ன அத்தான், நாரை வீட்ல சம்பந்தம் பண்ணியிருக்கீங்களா?" சிரித்துக்கொண்டே கொளுத்தி வீசினான்.

பெரிய பறவைகள் மொத்தமாக எழும்பின. கூடுகள் குலுங்கின. குஞ்சுகள் கிளைகளில் மோதித் தண்ணீரில் விழுந்தன. தாய்கள் திரும்புவதற்குள் பருந்துகள் இறங்கிவிட்டன. கரையில் விழுந்த ஒரு குஞ்சின் வயிற்றைக் காகங்கள் உயிரோடு கிழித்தன. அவன் அதையும் படம் பிடித்தான்.

ஓங்கி அறைந்தேன். போன் சேற்றில் விழுந்தது. உதட்டில் ரத்தம் வழிய அவன் என் சட்டையைப் பிடித்துக் கிழித்தான். கரையில் நின்றவர்கள்தான் எங்களை விலக்கினார்கள்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அவன் பையிலிருந்த மீதி வெடிகளை என் மனைவி வாளித் தண்ணீரில் கொட்டினாள். "அக்கா" என்று அவன் கூப்பிட்டும் திரும்பவில்லை.