சகலையின் படகும் நான் சொல்லாமல் விட்டதும்

இந்த வருஷம் காணும் பொங்கலன்று நடந்தது இது. ஆவடி பக்கம் கோவில்பதாகையில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். யாரிடமும் போய்ப் படிக்காமல், கழற்றிக் கழற்றியே கற்றுக்கொண்ட தொழில்.

என் மனைவியின் தங்கையைக் கட்டியவருக்கு முகப்பேரில் ஃபிளாட், ஐ.டி. வேலை. நல்ல மனிதர் வேறு. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். போன ஆடியில் மோட்டார் வைத்த பழைய ஃபைபர் படகு ஒன்றை வாங்கி, முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் மாமியார் வீட்டை ஒட்டிய காலி மனையில் கொண்டுவந்து நிறுத்தினார். அன்று முதல் அந்த வீட்டில் படகுப் பேச்சுதான்.

"சின்ன மாப்ள போட்டு ஒண்ணு வாங்கிகீறாரு. பெரிய மாப்ள, நீங்க பக்கத்துல நின்னு போட்டோவாவது எடுத்துக்கோங்க!"

மாமியார் இப்படிச் சொன்னதும் என் மனைவியே சிரித்தாள். அந்த வீட்டு மிக்ஸியிலிருந்து தண்ணி மோட்டார் வரை பன்னிரண்டு வருஷமாக ரிப்பேர் பார்ப்பவன் நான். வயிறு எரியாதா?

காணும் பொங்கலுக்கு மீஞ்சூர் தாண்டி ஒரு உப்பங்கழிக்குப் போவதாக ஏற்பாடு. காலையில் தார்ப்பாயை விலக்கியபோது பெட்ரோல் டேங்கைப் பார்த்தேன். ஆடியில் ஊற்றியது, பாதிக்குக் கிடந்தது. மூடியில் காற்று போய்வர வைத்திருக்கும் திருகு மழைக்காலம் பூராவும் திறந்தே இருந்திருக்கிறது.

இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் மிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து, பெட்ரோலிலிருந்து பிரிந்து, டேங்க் அடியில் உட்கார்ந்துவிடும். மழை விட்டதும் என் கடைக்கு வரும் பாதி வண்டிக்கு இதுதான் சீக்கு. மொபெட்டில் மீன் விற்கும் ஒருவர் சொல்வார்: "அண்ணாத்தே, வண்டிக்கும் சரக்க ஊத்திட்டானுங்க. காலைல எய்ந்திருக்க மாட்டேங்குது!"

"சகல, இந்த பெட்ரோலு..." என்று ஆரம்பித்தேன்.

"அண்ணே, இது ஸ்கூட்டர் இல்ல, படகு!" என்றார். விளையாட்டாகத்தான். மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். நடுத் தண்ணீரில் நின்று அசடு வழியட்டும், அப்போது தெரியும் என் அருமை என்று நினைத்தேன்.

உப்பங்கழிக் கரையில் என் மனைவியும் ஏழு வயது மகளும்தான் முதலில் ஏறினார்கள். பின்னாலேயே மாமியார். அப்போதும் சொல்லவில்லை. நானும் ஏறி உட்கார்ந்தேன்.

கரையோரம் நன்றாகத்தான் ஓடியது. நடுவில் அலை இரண்டு முறை தூக்கிப் போட்டதும், அடியில் கிடந்தது கலங்கி உள்ளே போய்விட்டது. மோட்டார் இருமி நின்றது. நீர் வடியும் நேரம். கழி கடலில் சேரும் முகத்துவாரப் பக்கம் நீரோட்டம் படகை இழுத்தது. அங்கே அலைகள் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன. நங்கூரம் சேற்றில் பிடிக்கவில்லை. மோட்டாரை ஸ்டார்ட் செய்யும் கயிற்றைச் சகலை இழுத்து இழுத்து உள்ளங்கை கிழிந்துவிட்டது. தொளதொள மிதவைச் சட்டைக்குள்ளிருந்து என் மகள், "அப்பா, நீ ரிப்பேர் பண்ணுப்பா" என்றாள்.

கார்புரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தினேன், தண்ணீர் வடிந்தது. டேங்கை அசைக்காமல் சாய்த்து, மேலாக நின்ற பெட்ரோலை மட்டும் ஒரு கூல்டிரிங்ஸ் பாட்டிலில் இறக்கினேன். மோட்டாருக்குப் போகும் பெட்ரோல் குழாயை அதற்குள் விட்டுக் கயிற்றை இழுத்தேன். ஏழாவது இழுப்பில் பிடித்தது. திக்கித் திக்கிக் கரை சேர்ந்தோம்.

"பெரிய மாப்ள இல்லன்னா நாம அம்புட்டுதான்," என்று மாமியார் அழுதார். சகலை என் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணிதான் கோளாறுன்னு எப்படிண்ணே சட்டுனு கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

"அனுபவம்," என்றேன்.

அடுத்த வாரம் படகை என் கடைக்கே கொண்டுவந்தார். "இனிமே நீங்க சரின்னாதாண்ணே இது தண்ணில எறங்கும்." பன்னிரண்டு வருஷமாக ஏங்கிய மரியாதை. வாங்கிக்கொள்ள முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"என்மேல கோவம்னா திட்டியிருக்கலாமே. பாப்பா உள்ள இருந்தாளேண்ணே," என்றார். அவ்வளவுதான்.

இன்றுவரை வீட்டில் யாரிடமும் அவர் மூச்சு விடவில்லை. மாமியார் என்னைப் புகழும்போதெல்லாம் தலையைக் குனிந்து காபி குடிக்கிறார். அவர் படகின் மேல் இருந்த பொறாமை எப்போதோ போய்விட்டது. அந்த மனசின் மேல்தான் எனக்கு இப்போது பொறாமையாக இருக்கிறது.