இழுக்காமல் இருக்கத் தெரியாதவன்

2001-இல் வேலை போனதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. அமெரிக்காவில் எச்-ஒன் வேலை விசா. வேறு வேலை கிடைக்காவிட்டால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். தினமும் காலையில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, அவள் கட்டித் தந்த தயிர்சாதத்தோடு ஃப்ரீமான்ட் வீட்டிலிருந்து கிளம்பி, ஆபீஸுக்குப் பதிலாக மலைக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்குப் போவேன். ஒரு இடத்தில் உட்கார முடியாமல் கரையில் நடந்துகொண்டே இருப்பேன்.

அங்கே ட்ரவுட் மீன் பிடிக்க வரும் ஒரு அமெரிக்கர், என்னை மீன்பிடி லைசென்ஸ் எடுக்கச் சொல்லி, தன்னுடைய இன்னொரு தூண்டிலைக் கொடுத்தார். நுனியில் இறகு சுற்றிய பொய்ப்பூச்சி. தட்டான் ஆவதற்கு முன் ஏரியின் அடிச்சேற்றில் ஊருமே, அந்தப் பூச்சி மாதிரி.

"அடிவரைக்கும் போகட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இழு," என்பார். நான் போட்டவுடனே சரசரவென்று இழுத்துவிடுவேன்.

"நிஜப் பூச்சிக்கு இவ்வளவு அவசரம் கிடையாது."

ஒரு மீன்கூடச் சிக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் என் சாப்பாட்டுப் பையை எடுத்த மனைவி, விரலை உதறினாள். பையின் ஓரத்தில் அந்தப் பூச்சி கொக்கியோடு மாட்டியிருந்தது. என்ன பொய் சொல்லலாம் என்று தேடினேன்.

அவள் அதை மெதுவாகக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"நாளைக்குத் தொப்பி போட்டுட்டுப் போங்க. ரெண்டு வாரமா முகம் கறுத்துக்கிட்டே வருது. ஆபீஸுக்குள்ள ஏது வெயில்? நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு வேலையும் கிடைத்தது. மீன் பிடிக்கத்தான் எனக்கு இன்றுவரை வரவில்லை. எங்கள் வீட்டில் இழுக்காமல் காத்திருக்கத் தெரிந்தவள் அவள்தான்.