வலது முன் டயர்

அக்டோபர் கடைசியில் அப்பாவும் நானும் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். காருக்கு அதன் டயர்களை அடையாளம் காட்டினோம். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து எதையும் செய்யவில்லை.

பனிக்கால டயர்களை மாட்டி முடித்திருந்தோம். ஒவ்வொன்றின் உள்ளேயும் காற்றழுத்தத்தைச் சொல்லும் சென்சார் உண்டு. எந்தச் சென்சார் எந்தச் சக்கரத்தில் இருக்கிறது என்பது அந்தக் காருக்குத் தானாகத் தெரியாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே நிற்பவர் இடது முன் டயரின் வால்வை அழுத்திக் காற்றை விட வேண்டும். ஹாரன் அடித்தால் கார் கற்றுக்கொண்டது என்று பொருள். அடுத்து வலது முன், வலது பின், இடது பின். வரிசை மாறினாலும் ஹாரன் அடிக்கும். தப்பு என்று சொல்லாது.

நான் முதலில் காரைப் பின்னால் எடுத்தேன்.

"எதுக்குடி வண்டியை நகத்துற?"

"முன்பக்கமா சுத்தி வரணும்ப்பா. சுவத்தை ஒட்டி நின்னா எப்படி வருவீங்க?"

"இஞ்சினியரம்மா சொன்னா சரிதான். நாங்கள்லாம் காலால எத்திப் பாத்துத்தான் காத்து அடிச்சோம்."

"அதான் வருஷா வருஷம் டயர் வாங்குனீங்க."

சிரித்துக்கொண்டே குனிந்தார். ஒவ்வொரு டயருக்கும் ஹாரன் அலறியது. எதிர்வீட்டு லாய்ட் கதவைத் திறந்து, "டேய் ரெய்னோ, பொண்ணுக்குக் கல்யாணமா? சொல்லவே இல்ல!" என்று கத்தினார். "உனக்குச் சொன்னா பந்தியில மத்தவனுக்கு மிஞ்சுமா?" என்றார் அப்பா.

ரெய்னோ ஹெய்கிலா. காகித ஆலையில் மரம் ஏற்றும் கிரேனை ஓட்டியவர். ஆலையை மூடிய பிறகு சும்மா இருக்கத் தெரியவில்லை. ஊரில் கார் ஓட்ட முடியாதவர்களை மருத்துவமனைக்கும் கண் டாக்டரிடமும் கூட்டிப் போனார். காசு வாங்க மாட்டார். தாமதமாக வந்தால் மட்டும் திட்டுவார். தெருக்கோடியில் இருக்கும் எல்மாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. ரத்தம் சுத்தம் செய்ய ஒரு மணி நேரப் பயணம். வாரம் மூன்று முறை அவரைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்ததும் அப்பாதான். அம்மா போன பிறகு அவர் காலையில் எழுந்து முகச்சவரம் செய்ததே அந்த வேலைக்காகத்தான்.

மார்ச்சில் ஒரு நாள் எல்மாவைத் திரும்ப அழைத்து வரக் கிளம்பினார். பனி பெய்துகொண்டிருந்தது. எங்கள் நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். வலது ஓரம் காரை நிறுத்தி, கம்ப்ரஸரை எடுத்து, சாலைப் பக்கம் மண்டியிட்டு, இடது பின் டயருக்குக் காற்று அடித்தார். மரம் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. பனிப்புகையில் ஓட்டுநருக்கு எதுவும் தெரியவில்லை.

"அந்த டயர்ல காத்து ஏற்கெனவே நிறைய இருந்திருக்கு. எதுக்கு அடிச்சார்னு தெரியல," என்றார் போலீஸ்காரர்.

அது ஊருக்குப் போதுமானதாக இருந்தது. அடக்கத்துக்குப் பிறகு சர்ச்சின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. என் முதுகுக்குப் பின்னால் மார்லீன் பேசியது கேட்டது. சர்ச் சமையலறையே அவர் கையில்தான்.

"கொஞ்ச நாளாவே ரெய்னோ ஒரு மாதிரிதான். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் புத்தி தடுமாற ஆரம்பிச்சுது. நிறைஞ்ச டயருக்குப் போய் காத்து அடிப்பாங்களா? நல்லவேளை, எல்மா வண்டியில இல்ல."

காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்தேன். உயிர் போனது போதாது என்று, அந்த மனிதரின் புத்தியையும் பறித்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. எனக்கே தெரிய வேண்டியிருந்தது.

போலீஸ் அப்பாவின் காரை விடுவித்ததும் மெதுவாக ஓட்டி வந்தேன். இடது பின் டயரில் காற்று குறைவு என்று காரின் திரை சொன்னது. இறங்கிக் காற்றழுத்தம் அளக்கும் கேஜை வைத்துப் பார்த்தேன். இடது பின் டயர் கல் மாதிரி இருந்தது. குறைந்திருந்தது வலது முன் டயர். வால்வில் கசிவு. கார் இரண்டையும் மாற்றிச் சொன்னது.

நான் தெற்கே ஒரு கார் கம்பெனியில் பிரேக் சோதிப்பவள். இது எப்படி நடந்திருக்கும் என்று அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. யார் செய்தது என்றுதான் தெரியவில்லை. லாய்டின் கதவைத் தட்டினேன்.

"அக்டோபருக்கு அப்புறம் இதை யாராவது மாத்தினாங்களா?"

"பிப்ரவரியில பள்ளத்துல விட்டு ஒரு டயர் போச்சு. புது டயர் மாட்டினதும் விளக்கு மின்னிக்கிட்டே இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும்தான் சரி பண்ணோம். நான் உள்ள உக்காந்து அழுத்தினேன்."

"அப்பா எந்தப் பக்கமா சுத்தினார்?"

"பின்பக்கமாத்தான். வண்டி சுவத்தை ஒட்டி நிக்குது, ஒயர் சொருகியிருக்கு. முன்னாடி பூனை கூடப் போக முடியாது."

எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நிறுத்துவோம். எஞ்சினைச் சூடாக வைக்கும் ஒயர் குட்டை. மூக்கைச் சுவரில் இடித்தாற்போல் நிறுத்தினால்தான் எட்டும். அந்தக் குளிரில் ஒயரைப் பிடுங்கினால் காலையில் வண்டி கிளம்பாது. எல்மாவைக் கூட்டிப் போக வேண்டும். இடது முன், இடது பின், வலது பின், வலது முன் என்று பின்பக்கமாகவே சுற்றியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஹாரன் அடித்திருக்கிறது.

"வரிசை இருக்குன்னு அப்பாகிட்ட சொன்னேனே?"

"சுத்தி வரணும்னு நீ சொன்னதாச் சொன்னான். சுத்தினான்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"நானும் சொன்னேன். நீ வேலையில இருப்ப, தொந்தரவு பண்ண வேணாம்னான்."

அப்போது அப்பா உயிரோடு இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். ஊரையே சுமப்பார், மகளுக்குத் தொந்தரவாம். என் தொழில்காரர்கள் மேலும் ஆத்திரம் வந்தது. தப்பான பதிலுக்கும் ஹாரன் அடிக்கிற காரைச் செய்துவிட்டு, சரியான வரிசையைப் புத்தகத்தில் போட்டுவிட்டோமே என்று கை கழுவிக்கொள்கிறோம்.

"வலது முன் டயர் எந்தப் பக்கம், லாய்ட்?" என்றேன். "ரோட்டோரச் சரிவுப் பக்கம். லாரி வராத பக்கம்."

லாய்ட் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தார். "அப்ப நான்தான்..."

"நீங்க இல்ல. வண்டி பொய் சொல்லுச்சு, அவர் நம்பினார். அவருக்குப் புத்தி சரியா இருந்ததாலதான் திரையைப் படிச்சு அந்த டயர்கிட்ட போனார்." ஆறுதலாகச் சொல்ல வரவில்லை. உண்மையைத்தான் சொன்னேன்.

அங்கிருந்து நேரே சர்ச்சுக்குப் போனேன். மாவுக்குள் இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுடும் பாஸ்டியை விற்பதற்காகப் பெண்கள் செய்யும் நாள் அது. மாவும் இறைச்சியும் வெங்காயமுமாக மேசை நிறைந்திருந்தது. அடுப்பு விசிறிச் சத்தத்துக்கு மேல் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். டயர், வரிசை, சுவர், ஒயர், எல்லாவற்றையும். ஒருவரும் மாவைத் தொடவில்லை.

"எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் மார்லீன்.

"தெரியலைன்னா வாயை மூடியிருக்கணும்."

அவர் முகம் சிவந்தது. உள்ளே போய், உறைபெட்டியிலிருந்து ஒரு பையைக் கொண்டுவந்தார்.

"அன்னைக்கு வழியில வாங்கிக்கிறேன்னு ரெய்னோ சொல்லியிருந்தான். யார்கிட்ட குடுக்கிறதுன்னு தெரியல. இது தனியாச் செஞ்சது, உருளைக்கிழங்கு இல்லாம. எல்மா கிட்னிக்கு ஆகாதாம். முந்தின நாள் வந்து, நான் கிழங்கு போடலைன்னு கண்ணால பாத்துட்டுத்தான் போனான்."

"முந்தின நாளா?"

"ஆமா."

"இதை ஞாபகம் வச்சிருந்த ஆளுக்கா புத்தி தடுமாறிச்சு?"

மார்லீன் கையை ஏப்ரனில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பையை வாங்கிக்கொண்டு எல்மா வீட்டுக்குக் கிளம்பினேன். அன்று அவர் இதை வாங்கிக்கொண்டு, எல்மாவைக் கூட்டி வந்து, வீட்டுக்குள் விட்டு, அடுப்பில் சூடாக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருப்பார். பாஸ்டி இன்னும் எல்மாவிடம் போய்ச் சேரவில்லை.